சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கட்டப்படவில்லையா? புகார் செய்வதும் வேலையைக் காப்பதும்

மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை. அதைப் புகார் செய்தேன், வேலை போனது, பிறகு அதற்காகவும் அலைந்தேன். பணம் வந்து சேர பதினொரு மாதம் ஆயிற்று. தெரிந்து செய்திருந்தால் அதில் நான்கு மாதமாவது மிச்சமாகியிருக்கும். டெல்டாவில் மில், ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஃபைனான்ஸ், தனியார் பள்ளி என்று எங்கே வேலை பார்த்தாலும் இந்தச் சிக்கல் வரலாம். அதனால்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒரு விஷயம். தனியார் நிறுவனத்தில் தவறை வெளியே சொல்பவரைக் காக்க என்றே ஒரு பொதுச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டமும் அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றியது. அதுவும் இன்னும் அமலுக்கு வரவில்லை. அப்படியானால் நம்மைக் காப்பது எது? தேதிதான். நீங்கள் புகார் கொடுத்த தேதி, உங்கள் மேல் நடவடிக்கை எடுத்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். அதற்கு முத்திரை போட்ட ஒரு தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தத் தாளைச் சம்பாதிக்கும் வழிதான்.

1. சந்தேகத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் பாஸ்புக்கைப் பாருங்கள். உங்கள் யு.ஏ.என். எண்ணோடு (பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தரும் நிரந்தர எண்) இணைத்த மொபைலிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக வந்த வரவும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். முழு விவரம் வேண்டுமானால் மத்திய அரசின் உமங் செயலியிலோ பி.எஃப். தளத்திலோ பாஸ்புக்கை இறக்கிக்கொள்ளலாம்.

எப்படிப் பார்ப்பது என்று என் கணக்கை வைத்தே சொல்கிறேன். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 12,000 ரூபாய். அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் என்னிடம் பிடிப்பார்கள். முதலாளியும் அதே 1,440 போட வேண்டும். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். ஆக பாஸ்புக்கில் ஒரு மாதத்துக்கு மூன்று எண்கள் இருக்க வேண்டும்: என் பங்கு 1,440, முதலாளி பங்கு 440, பென்ஷன் 1,000. என் பாஸ்புக்கில் 2023 மார்ச் வரை இந்த மூன்றும் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் 1,440 மாதாமாதம் கழிந்துகொண்டே இருந்தது.

ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பாஸ்புக்கில் ஏற இன்னும் சில நாள் பிடிக்கும். அதனால் ஒரு மாதம் வரவில்லை என்று உடனே ஓடாதீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் அது மறதி கிடையாது.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யையும் கூடவே பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவருக்கு அது உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். எங்கள் மில்லில் விஷயம் வெளியே வந்ததே அதனால்தான். பாய்லர் பார்க்கும் அண்ணன், மனைவியை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். "உங்க பேர்ல பணம் கட்டி ரொம்ப நாளாச்சே" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தவர் நேராக என் மேசைக்கு வந்து, "தம்பி, மாசம் தொண்ணூறு ரூபா புடிக்கிறீங்களே, அது எங்க போவுது?" என்று கேட்டார். அந்தப் பிடித்தத்தை என் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என்னிடம் பதில் இல்லை.

பி.எஃப். கட்டாயம் என்பது 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்துக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே மில்லை இரண்டு பெயரில் பதிந்து, இங்கே 17 பேர், அங்கே 15 பேர் என்று காட்டுவார்கள். ஒரே கேட், ஒரே ஆபீஸ், ஆட்களை இங்குமங்கும் மாற்றுவது என்பதெல்லாம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் எடுக்க இடமுண்டு. அதை மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.

2. தாள்களைச் சேருங்கள்

அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த மறுநாளே மேசைக்குப் பூட்டு விழலாம். அதன் பிறகு ஒரு தாள்கூட வராது.

வேலை உத்தரவு இருந்தால் அதன் நகல். பலருக்கு இருக்காது. அப்போது அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தின் படம், சீருடையில் எடுத்த படம், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட் எதுவானாலும் சரி. நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். "இவர் எங்கள் ஆளே இல்லை" என்பதுதான் முதலாளி தரப்பின் முதல் பதிலாக இருக்கும். மூட்டை தூக்கும் லோடுமேன்களையும் மேஸ்திரி மூலம் வந்தவர்களையும் இப்படித்தான் தள்ளிவிடுகிறார்கள்.

சம்பளச் சீட்டுதான் ஆணிவேர். பிடித்தம் எழுதியிருக்கும் ஒவ்வொரு சீட்டும் வேண்டும். சீட்டே தராமல் கையில் பணம் கொடுத்து பட்டியலில் கையெழுத்து வாங்கும் இடம் என்றால், அடுத்த சம்பளத்தன்று, "எவ்வளவு பிடிச்சிருக்கீங்கன்னு வீட்டுல கேக்குறாங்க" என்று கணக்கரிடம் வாட்ஸாப்பில் கேளுங்கள். வரும் பதிலை அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க ஒரு சான்றிதழ் கேட்கும். அப்போது மூலச் சாதனம் கையில் இருப்பது நல்லது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நினைத்து பழைய போனை விற்றவரை எனக்குத் தெரியும். பின்னால் அதற்காக வருந்தினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்களுடைய தாள்களையும், வேலையின்போது உங்கள் கைக்கு இயல்பாக வருபவற்றையும் மட்டும் நகல் எடுங்கள். முதலாளியின் பீரோவைத் திறப்பது, மூலப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வருவது, கம்ப்யூட்டரிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை இறக்குவது எல்லாம் உங்களையே திருட்டுப் புகாரில் மாட்டிவிடும். நான் கணக்கராக இருந்தும் மற்றவர்களின் சீட்டுகளைத் தொடவில்லை. அவரவரையே கொண்டுவரச் சொன்னேன். பின்னால் அது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. அன்றன்று தேதி போட்டு, யார் என்ன சொன்னார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதினால் அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். நோட்டை மில்லில் வைக்காதீர்கள்.

3. தனியாகவா, சேர்ந்தா?

முடிந்தால் சேர்ந்து. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் "யார் கிளப்பியது" என்று தேடுவது கடினம். ஆனால் இருபது பேரைக் கூட்டிப் பேசினால் அன்று மாலையே முதலாளி காதுக்குப் போய்விடும். நம்பிக்கையான நான்கைந்து பேர் போதும். தொழிற்சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே மனு கொடுக்கலாம். உங்கள் பெயர் முன்னால் வராது.

பெயரே போடாமல் மொட்டைக் கடிதம் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம். பெரும்பாலும் அது கோப்போடு நின்றுவிடும். யாருடைய பணம், எந்த மாதம் என்று தெரியாமல் அதிகாரியால் என்ன செய்ய முடியும்? அதைவிட முக்கியம், பெயரில்லாத மனு உங்களைக் காக்காது. நாளை வேலையை விட்டு நிறுத்தினால், "நான் புகார் கொடுத்ததால்தான் நிறுத்தினார்கள்" என்று சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வாங்கிய முன்பணம் பாக்கி இருந்தால் அதைக் கவனியுங்கள். நம் பக்கம் மில்களில் அட்வான்ஸ் வாங்காதவர் குறைவு. புகார் கொடுத்ததும் "ஐம்பதாயிரம் பாக்கி வைத்துவிட்டு ஓடப் பார்க்கிறான்" என்பார்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கழிந்தது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

4. எப்போது கொடுப்பது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மில்லுக்கு ஆள் தேவைப்படும் காலத்தில் கொடுங்கள். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நெல் வந்து குவியும்போது பத்துப் பேரை நிறுத்த எந்த முதலாளிக்கும் துணிவு வராது. குறுவை நெல் வரும் புரட்டாசியிலும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் கொடுத்தால், "நெல் வரத்து இல்லை, அதனால் ஆள் குறைத்தோம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஜவுளிக்கடை என்றால் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு. பள்ளி என்றால் ஜூலை, ஆகஸ்டில். ஏப்ரலில் வேண்டாம்.

5. முதலாளியிடம் முதலில் சொல்ல வேண்டுமா?

சட்டப்படி தேவையில்லை. நான் சொன்னேன். "அடுத்த மாசம் கட்டிடலாம் தம்பி" என்றார். ஆறு மாதம் அதிலேயே போயிற்று. சின்ன இடம், கணக்கில் ஏதோ குளறுபடி என்று தோன்றினால் ஒருமுறை எழுத்தில் கேளுங்கள், பதினைந்து நாள் பாருங்கள். பல மாதமாகத் தெரிந்தே நடக்கிறது என்றால் நேராகத் துறைக்கே போங்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, மக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கிகளில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி ஆகியவற்றில் புகார் சொல்வதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. பெரிய ஃபைனான்ஸ் கம்பெனியின் கும்பகோணம் கிளையில் வேலை பார்ப்பவர், கிளை மேலாளரைத் தாண்டி தலைமை அலுவலகத்துக்கு அந்த வழியில் எழுதலாம். அப்படிச் சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

6. மனு எழுதுவது

ஒரே பக்கம். கோபம் வேண்டாம், முதலாளியின் குணம் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அனுப்புநர், பெறுநர், பொருள் போட்டுவிட்டு இப்படித் தொடங்குங்கள்:

"நான் மேற்படி ஆலையில் 2021 ஜூன் முதல் கணக்கராகப் பணிபுரிகிறேன். என் யு.ஏ.என். எண் கீழே தரப்பட்டுள்ளது. 2023 ஏப்ரல் முதல் 2024 டிசம்பர் வரை 21 மாதங்களுக்கு, மாதம் ரூ.1,440 வீதம் மொத்தம் ரூ.30,240 என் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்காகப் பிடித்தம் செய்யப்பட்டது. 2023 மார்ச்சுக்குப் பின் என் பாஸ்புக்கில் எந்த வரவும் இல்லை. முதலாளி பங்கையும் சேர்த்து ரூ.60,480 நிலுவை உள்ளது. சம்பளச் சீட்டுகளின் நகல்களும் பாஸ்புக் நகலும் இணைத்துள்ளேன். இதே நிலையில் மேலும் பலர் உள்ளனர். விசாரணை நடத்தி நிலுவையை வசூலிக்கவும், என் பெயரை இரகசியமாக வைத்திருக்கவும் வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். சட்டப் பிரிவு எண்களைப் போட்டு நிரப்ப வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டதால் பழைய எண்கள் பல மாறுகின்றன. நடந்ததை மாதம், தொகையோடு எழுதினால் எந்தப் பிரிவு என்பதை அதிகாரி பார்த்துக்கொள்வார். தெரிந்து வைத்துக்கொள்ள ஒன்று மட்டும் சொல்கிறேன்: தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 316ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. அது கடன் பாக்கி மாதிரி இல்லை, குற்றம்.

7. எங்கே கொடுப்பது

பி.எஃப். விஷயம் என்றால் நம் பகுதிக்குத் திருச்சி மண்டல அலுவலகம். மூன்று வழிகளிலும் கொடுங்கள். முதலாவது, இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற குறைதீர்ப்புத் தளம். யு.ஏ.என். போட்டுப் பதிந்தால் குறுஞ்செய்தியில் பதிவு எண் வரும். அதில் பதில் வந்து, "தீர்க்கப்பட்டது" என்று வேலை நடக்காமலே மூடிவிட்டால் மனம் தளராமல் அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். எனக்கு இரண்டு முறை மூடினார்கள். இரண்டாவது, ஸ்பீட் போஸ்டில் கையெழுத்திட்ட மனு. மூன்றாவது, ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். துறை நடத்தும் "நிதி ஆப்கே நிகட்" முகாம். திருச்சிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். அந்தச் செலவில்லாமல் அதிகாரியை நேரில் பார்க்கலாம். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம், சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் அங்கேதான் வரும். ஆனால் ஆட்சியர் அலுவலக ரசீதுக்கு ஒரு மதிப்பு உண்டு, அதனால் ஒரு பிரதி அங்கேயும் கொடுங்கள். 1100 எண்ணில் முதல்வரின் முகவரிக்கும் பதியலாம்.

பெண் ஊழியரிடம் பாலியல் தொல்லை என்றால் வழியே வேறு. பத்துப் பேரும் அதற்கு மேலும் இருக்கும் இடத்தில் இந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். குழுவே இல்லை, அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது இட மாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்க உரிமை உண்டு. இதை எழுத்தில் கேளுங்கள், தானாகத் தர மாட்டார்கள்.

அரசு அலுவலகத்திலோ நெல் கொள்முதல் நிலையத்திலோ வேலை பார்த்து அங்கே லஞ்சம் வாங்குவதைப் பார்த்தால், லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டும். உங்களையே கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்திருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லிவிடுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். அந்த ஏழு நாள்தான் உங்களைக் காக்கும். மத்திய அரசு அலுவலகம், பொதுத்துறை வங்கி என்றால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் பொதுநலத் தகவல் முறையில் எழுதலாம். உறையை ஒட்டி, மேலே பொதுநலத் தகவல் புகார் என்று குறிப்பிட வேண்டும். உறையின் மேல் உங்கள் பெயர் வரக் கூடாது, உள்ளே கட்டாயம் வேண்டும். பெயரை இரகசியமாக வைப்பது அவர்கள் பொறுப்பு. மாநில அரசு ஊழியர் விஷயத்துக்கு இந்த வழி இல்லை.

8. பழிவாங்கத் தொடங்கினால்

என் மனு போய்ப் பதினேழாம் நாள். பி.எஃப். அமலாக்க அதிகாரி வந்து பதிவேடுகளைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். "என்ன தம்பி, பி.எஃப். ஆபீசுக்கெல்லாம் போனியாமே. நாளையிலேர்ந்து வர வேண்டாம்." ஒரு தாளும் தரவில்லை. பெரும்பாலும் இப்படி வாயால்தான் சொல்வார்கள். பிறகு, "அவர்தான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்" என்று எழுதுவார்கள்.

அன்று சாயங்காலமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தபால் நிலையம் மூடுவதற்குள் ஒரு கடிதம் அனுப்புங்கள். "இன்று காலை 10 மணிக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். காரணம் சொல்லவில்லை. நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். நாளையும் வழக்கம்போல் வருவேன்." இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, டெலிவரி ஆன விவரத்தை அச்செடுங்கள். மறுநாள் நேரத்துக்குப் போய் கேட்டில் நில்லுங்கள். நான் தொடர்ந்து நான்கு நாள் போனேன். வாட்ச்மேன் தாத்தா, "உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கய்யா" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அவரிடம் சண்டை போடவில்லை. கேட்டும் பெயர்ப்பலகையும் தெரிய, நேரம் பதியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். நான்கு நாளுக்கும் நான்கு படம்.

கையெழுத்துப் பொறிகளில் விழாதீர்கள். வெற்றுத்தாள், "எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த சீட்டு, ராஜினாமாக் கடிதம் எதிலும் அன்று கையெழுத்து வேண்டாம். "போட்டால்தான் சம்பளம்" என்றாலும் வேண்டாம். புதிய ஊதியச் சட்டத்தொகுப்பின்படி வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும். கையெழுத்து அதற்கு நிபந்தனை இல்லை. மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றே, தாமதிக்காமல், "கட்டாயத்தில் கையெழுத்திட்டேன், திரும்பப் பெறுகிறேன்" என்று கடிதம் அனுப்புங்கள்.

விசாரணை முடியும் வரை சஸ்பெண்ட் என்று தாள் கொடுத்தால், தமிழ்நாட்டுப் பிழைப்பூதியச் சட்டம் 1981இன்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம், 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

அதே வாரம் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் வேலை நீக்கத் தகராறு மனு கொடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. அவர் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். 45 நாளில் முடியவில்லை என்றால் நீங்கள் நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ போகலாம். கடை, நிறுவன ஊழியர்களுக்கு மேல்முறையீட்டு வழியும் தனியாக உண்டு. அதற்கு 30 நாள்தான் கெடு. எந்த வழி உங்களுக்கு என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை போவதற்கு முன்பே நாலைந்து பேராகச் சேர்ந்து சம்பளப் பிரச்சினையைச் சமரச அலுவலகத்தில் தகராறாக எழுப்பிவிட்டால் இன்னும் பலம். பேச்சு நிலுவையில் இருக்கும்போது அந்தத் தகராறு சம்பந்தமாக ஆளை நீக்க முதலாளி முன் அனுமதி வாங்க வேண்டும். எனக்கு இது தெரிந்திருந்தால் முதலில் அங்கேதான் போயிருப்பேன்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்கு. கணக்கர், குமாஸ்தா எல்லாம் வருவார்கள். "நீதான் மேனேஜர்" என்று பெயருக்குப் பதவி கொடுத்து வெளியே தள்ளப் பார்ப்பார்கள். நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. என் நோட்டில் தினமும் எழுதியிருந்த வேலை விவரம் இதற்கு உதவியது.

சமரச அறையில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி தரப்பு வக்கீல் நான் கணக்கில் தவறு செய்ததாகச் சொன்னார், தேதி சொல்லவில்லை. அதிகாரி என் பி.எஃப். மனுவின் முத்திரையிட்ட நகலை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் நான் அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் ரசீதை வைத்தார். இரண்டுக்கும் நடுவே பதினெட்டு நாள். "அந்தத் தவறுக்கு இதுக்கு முன்னாடி ஒரு மெமோவாவது குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. மூன்றாவது அமர்வில் நான்கு மாதச் சம்பளமும் அனுபவச் சான்றும் தர ஒப்புக்கொண்டார்கள். திரும்ப அங்கே போக எனக்கு மனமில்லை.

9. செலவும் காலமும்

எனக்கு ஆன செலவு: நகல் எடுக்க முந்நூறு சொச்சம், தபால் எல்லாம் சேர்த்து நானூறு, பஸ் செலவு ஆயிரத்து ஐந்நூறு அளவில். பெரிய செலவு வேலையில்லாமல் இருந்த மாதங்கள்தான். அதனால் புகார் கொடுப்பதற்கு முன் இரண்டு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். திடீரென்று தெரிந்தால் அவர்கள்தான் அதிகம் கலங்குவார்கள்.

வக்கீல் வேண்டுமென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 எண்ணில் கேட்கலாம்.

முதல் பதிலுக்கு நாற்பது நாள் ஆயிற்று. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "என் மனு யாரிடம் எந்தத் தேதியில் போனது, என்ன நடவடிக்கை" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பி.எஃப். மத்திய அரசுத் துறை என்பதால் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும் அல்லது ஆன்லைனில் கட்ட வேண்டும். மாநிலத் துறைகளுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். மாற்றி வைத்தால் திருப்பி அனுப்புவார்கள், ஒரு மாதம் போய்விடும். எனக்குப் போனது.

10. பணம் கட்டிவிட்டதாகச் சொன்னால்

கோப்பை மூடச் சம்மதிப்பதற்கு முன் பாஸ்புக்கைத் திறந்து மாதம் மாதமாகப் பாருங்கள். விட்டுப்போன 21 மாதமும் தனித்தனி வரியாக வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்களும் இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் தொழிலாளி பங்கு மட்டும் வந்தது. முதலாளி பங்கும் பென்ஷனும் காலியாக இருந்தன. பழைய பதிவு எண்ணையே குறிப்பிட்டு இன்னொரு மனு போட்ட பிறகுதான் மீதி வந்தது. பாய்லர் அண்ணனுடைய கணக்கில் இரண்டு மாதம் அப்போதும் விட்டுப்போயிருந்தது. அவருக்கு எழுத வராது, அதனால் 27ஆம் தேதி முகாமுக்கு நானும் கூடப் போனேன். உங்களுடன் வேலை பார்த்தவர்களின் பாஸ்புக்கையும் அன்றே வாங்கிப் பார்த்துவிடுங்கள்.